ராக்கெட்டுக்கும் முதல் ஆர்டர் வேண்டும்

நம்பிக்கை: அரசு ஒதுங்கிக்கொண்டால் போதும், தனியார் விண்வெளித் தொழில் தானாக வளரும்.

உண்மை: பத்து பவர்டேபிள் போட்டு எக்ஸ்போர்ட்டில் இறங்கும் திருப்பூர்க்காரருக்கு முதலில் வேண்டியது பையரின் ஆர்டர். அந்தத் தாளைக் காட்டினால்தான் வங்கியில் பேக்கிங் கிரெடிட். நூல், நிட்டிங், டையிங் எல்லாம் அதற்குப் பிறகுதான். ராக்கெட் தொழிலும் அப்படித்தான். ஸ்பேஸ்எக்ஸ் ஏவிய முதல் மூன்று ராக்கெட்டுகளும் தோற்றன. நான்காவது 2008 செப்டம்பரில் ஜெயித்தபோது கையில் காசு கரைந்திருந்தது. அந்த டிசம்பரில் நாசா ஆர்டர் கொடுத்தது: விண்வெளி நிலையத்துக்கு 12 நடை சரக்கு, 160 கோடி டாலர். கம்பெனி பிழைத்தது அதனால்தான். தனியார் சாதனை என்று நாம் கொண்டாடும் கதையில் பையர் அரசாங்கம்.

ஒதுங்க நினைத்தாலும் அரசால் முடியாது. 1967ஆம் ஆண்டின் விண்வெளி ஒப்பந்தப்படி, தனியார் கம்பெனி விண்ணில் செய்வதற்கும் அதன் நாட்டு அரசே பொறுப்பு. நம் கம்பெனியின் ராக்கெட் துண்டு அயல்நாட்டில் ஒரு வீட்டின் மேல் விழுந்தால், இழப்பீடு கேட்டு வரும் கடிதம் டெல்லிக்குத்தான் வரும்.

நம்பிக்கை: இஸ்ரோவைத் தனியாருக்கு விற்கிறார்கள்.

உண்மை: விற்கவில்லை, கதவைத் திறந்திருக்கிறார்கள். 2020இல் அறிவிக்கப்பட்ட இன்-ஸ்பேஸ் தனியாருக்கு அனுமதி தரும் அமைப்பு. சென்னை ஐ.ஐ.டி.யில் வளர்ந்த அக்னிகுல் 2024 மே 30 அன்று தன் ராக்கெட்டைப் பறக்கவிட்டுச் சோதித்தது. ஏவுமேடை அக்னிகுலுடையது, அது நிற்கும் இடம் இஸ்ரோவின் ஸ்ரீஹரிகோட்டா வளாகம்.

நம்பிக்கை: பனியன் ஊருக்கும் ராக்கெட்டுக்கும் என்ன சம்பந்தம்?

உண்மை: நம் மில்களில் நூல் நூற்கும் இயந்திரங்களைச் செய்யும் கோவை எல்.எம்.டபிள்யூ., விமான, விண்வெளித் துறைக்கான பாகங்களையும் செய்கிறது. நூற்பு இயந்திரத்தில் பழகிய துல்லியம் அங்கே கைகொடுக்கிறது.

தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரலில் விண்வெளித் தொழில் கொள்கைக்கு ஒப்புதல் தந்தது. ஐந்தாண்டில் 10,000 கோடி ரூபாய் முதலீடு இலக்கு. சம்பள மானியமும் உண்டு. மனமார வரவேற்கிறேன். ஆனால் மானியத்தை நம்பி யாரும் மெஷின் வாங்குவதில்லை. எந்தச் செயற்கைக்கோள், எத்தனை, எந்த ஆண்டில் வாங்கப்போகிறோம் என்ற பட்டியலை மத்திய, மாநில அரசுகள் இப்போதே வெளியிட வேண்டும்.