வேகாஸில் ஓர் இரவு

கேள்வி: லாஸ் ஏஞ்சலஸிலிருந்து கிராண்ட் கேன்யனுக்குக் காரில் போகிறோம். வழியில் லாஸ் வேகாஸில் ஓர் இரவு தங்கினால் கையைக் கடிக்குமா?

பதில்: வெள்ளி, சனியைத் தவிர்த்தால் கடிக்காது. வாரநாளில் அறை வாடகை நன்றாக இறங்கிவிடும். ஆனால் வாடகைக்கு மேல் ஹோட்டல் வாங்கும் ‘ரிசார்ட் கட்டணம்’, கார் நிறுத்தும் கட்டணம் இரண்டையும் கூட்டிப் பார்த்த பிறகே அறையைப் பதிவு செய்யுங்கள்.

இருட்டியதும் பெல்லாஜியோ ஹோட்டல் ஏரிக்கரையில் போய் நில்லுங்கள். பாட்டுக்கேற்ப நீர்த்தூண்கள் எழும்பி ஆடும். காற்றடித்தால் சாரல் முகத்தில் தெறிக்கும். காசு கிடையாது. ஃப்ரீமான்ட் தெருவில் தலைக்கு மேல் விரியும் ஒளித்திரையும் இலவசம்தான்.

21 வயதுக்குட்பட்டவர்களுக்குச் சூதாட அனுமதியில்லை. உங்களுக்கு உண்டு; ஆனால் ஆட உட்கார்ந்தீர்களோ, மிச்சம் பிடித்ததெல்லாம் அங்கேயே கரைந்துவிடும்! காலையில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு கிளம்புங்கள். சுமார் 50 கி.மீ.யில் ஹூவர் அணை, பார்த்துவிட்டே போகலாம்.