கல்லும் மணியும்

தபால் தலை சேர்ப்போர் நம் கல்லூரியில் உண்டு; பழைய நாணயம் சேர்ப்போரும் உண்டு. மணிக்கல் சேர்க்கிறேன் என்று சொன்னால் மட்டும், "வீட்டில் அவ்வளவு வசதியா?" என்று கேட்கிறார்கள். என்னிடம் இன்று இருப்பவை 31 கற்கள். அவற்றுள் வைரம் இல்லை; மாணிக்கமும் இல்லை. படிகம், செவ்வந்திக்கல், சந்திரகாந்தக் கல், கார்னெட், வெளிறிய பெரில் போன்றவையே உண்டு. பல கற்கள் ஒரு சினிமா டிக்கெட்டின் விலைக்குக் கிடைத்தவை.

நகையில் பதிக்காத தனிக் கல்லையே உதிரிக் கல் என்கிறோம். பயில விரும்புகிறவன் உதிரிக் கல்லைத்தான் வாங்க வேண்டும். பதித்த கல்லை எடை போட முடியாது. அடிப்பக்கத்தைக் காண முடியாது. கல்லுக்கு அடியில் வண்ணத் தகடு வைத்து நிறத்தைக் கூட்டிக் காட்டுவதும் உண்டு.

முதலில் பெயர்க் குழப்பம் தீர வேண்டும். நவரத்தினங்களில் முத்தும் பவளமும் கடல் உயிரினங்கள் தருபவை. மற்ற ஏழும் கனிமங்கள். மாணிக்கமும் நீலமும் ஒரே கனிமம் என்றால் பலர் நம்புவதில்லை. இரண்டும் குருந்தமே, சிறிதளவு குரோமியம் கலந்தால் சிவப்பு, இரும்பும் டைட்டானியமும் கலந்தால் நீலம். குருந்தம் என்ற நம் சொல்லிலிருந்தே ஆங்கிலத்தின் 'கொரண்டம்' பிறந்தது என்பது நமக்குப் பெருமை தரும் செய்தி. மரகதம், பெரில் என்னும் கனிமத்தின் பச்சை வகை. புஷ்பராகமோ பெருந்தொல்லை! பாடநூலில் அது டோபாஸ். கடைத்தெருவில் பெரும்பாலும் மஞ்சள் நிறக் குருந்தம். மஞ்சள் படிகத்தையும் அதே பெயரில் தள்ளிவிடுவோர் உண்டு.

நிறத்தை நம்பிக் கல்லை அறிய முடியாது என்பதே முதல் பாடம். கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த ரோமானியர் பிளினி, பெரில் பெரும்பாலும் இந்தியாவிலிருந்தே வருகிறது என்று எழுதினார். படிகத்துக்குச் சாயமேற்றிப் போலிப் பெரில் செய்யவும் இந்தியர் அறிவர் என்றும் எழுதினார். அந்தப் பெரில் தோண்டப்பட்ட இடங்களுள் ஒன்று காங்கேயத்தை அடுத்த படியூர் என்பது அறிஞர் கருத்து. அங்கிருந்து வெகு தொலைவில்லாத நொய்யற்கரைக் கொடுமணலில், 1985 முதல் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்தபோது பெரில், நீலம், படிகம், சூதுபவளம் ஆகியவற்றின் மணிகள் கிடைத்தன. மூலக் கற்களும் அரைகுறையாக வேலை செய்த மணிகளும் கிடைத்ததால், அது தொழிற்கூடம் இருந்த ஊர் எனத் தெளிவாயிற்று. பதிற்றுப்பத்து கூறும் கொடுமணம் இவ்வூரே என்பர். கரூர், காங்கேயம் பக்கத்து வயல்களில் படிகமும் சந்திரகாந்தமும் இன்றும் மழைக்குப் பின் மேலே தெரியும். ஆயினும் பிறர் நிலத்தில் அவர் இசைவின்றிப் பொறுக்குதல் முறையன்று. தோண்டுவதற்கோ அரசின் அனுமதி வேண்டும்.

தொடங்குவதற்கு மூன்று பொருள்கள் போதும்: பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் கைலென்சு, இடுக்கி, காகிதப் பொட்டலங்கள். கற்களை ஒரே டப்பாவில் போட்டுக் குலுக்கலாகாது. மோஸ் என்பார் 1812 இல் வகுத்த கடினவரிசையில் குருந்தம் 9, டோபாஸ் 8, படிகம் 7. சந்திரகாந்தம் 6ஐ ஒட்டியது. வலியது மெலியதைக் கீறிவிடும். இதே காரணத்தால், பட்டை தீட்டிய கல்லைக் கீறிச் சோதிப்பதும் கூடாது. சோதனை முடியும்போது கல்லும் முடிந்துவிடும்.

லென்சில் உருண்டைக் குமிழ்கள் தெரிந்தால் கண்ணாடி என்று ஐயுறலாம். வளைந்த கோடுகள் தெரியும் மாணிக்கம், 1902 இல் வெர்னாய் வெளியிட்ட முறையில் சுடரில் உருக்கிச் செய்த செயற்கைக் கல். இது போலியன்று, பொருளால் குருந்தமே. பூமியில் விளைந்தது என்று சொல்லி விற்பதுதான் பொய். சிர்க்கானின் மேல்முகம் வழியே பார்த்தால் அடிப்பக்கத்து விளிம்புகள் இரட்டையாகத் தெரியும். 'அமெரிக்கன் டைமண்ட்' எனப்படும் கியூபிக் சிர்க்கோனியாவில் அவ்வாறு தெரியாது. இரண்டையும் ஒன்றென்று எண்ணுவோர் பலர்.

என் நண்பன் ஒருவனுக்குச் சோதிடர் புஷ்பராகம் அணியச் சொன்னார். அவன் தாயார் தோட்டை அடகு வைத்துப் பணம் கொடுத்தார். கல்லைக் கட்டுவதற்கு முன் அவன் என்னிடம் கொண்டுவந்தான். இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் ஆசிரியர் அனுமதியுடன் எடை போட்டோம். காற்றில் 1.060 கிராம்; ஒரு காரட் 200 மில்லிகிராம் ஆதலால் 5.3 காரட். பிறகு மின்தராசில் நீர் நிறைந்த முகவையை வைத்து, தராசைச் சுழியாக்கி, கல்லை மெல்லிய நூலில் கட்டி அடியைத் தொடாமல் நீரில் தொங்கவிட்டோம். தராசு காட்டும் எண்ணே கல் விலக்கிய நீரின் எடை. அது 0.400 கிராம். முன்னதைப் பின்னதால் வகுத்தால் ஒப்படர்த்தி 2.65. குருந்தமாயின் 4.00 வரவேண்டும், டோபாஸாயின் 3.53. கண்ணாடிக்கும் 2.65 ஐ ஒட்டிய எண் வரக்கூடும் என்பதால், ஒன்றுக்கொன்று குறுக்காக வைத்த இரு போலராய்டு தகடுகளின் நடுவே கல்லைச் சுழற்றினோம். ஒரு சுற்றில் நான்கு முறை ஒளிர்ந்து மங்கிற்று. கண்ணாடியாயின் இருண்டே இருந்திருக்கும். ஆகவே அது படிகம்.

கடைக்குச் சென்றோம். ரசீதை எடுத்துப் பார்த்தார் கடைக்காரர். அதில் 'மஞ்சள் கல் 1' என்று மட்டுமே இருந்தது. "நான் புஷ்பராகம் என்று எழுதினேனா, தம்பி?" என்றார். நெடுநேரம் பேசிய பின் பாதிப் பணம் திரும்பியது. தோடு இன்னும் அடகில்தான் இருக்கிறது.

ஆகையால் ரசீதில் கனிமத்தின் பெயர், காரட் எடை, இயற்கையா செயற்கையா, சூடேற்றியதா, கண்ணாடி நிரப்பியதா என்பனவற்றை எழுதி வாங்குங்கள். எழுத மறுக்கும் இடத்தில் வாங்க வேண்டாம். விலை உயர்ந்த கல்லாயின் ஆய்வகச் சான்றிதழ் இன்றிப் பணத்தை எடுக்கவே கூடாது. சூடேற்றுவது குற்றமன்று, சந்தைக்கு வரும் நீலக் கற்களில் பெரும்பகுதி சூடேற்றியவையே. ஈயக் கண்ணாடி நிரப்பிய மாணிக்கமோ வேறு. புளிப்புச் சாறு பட்டாலே அதன் கண்ணாடி அரிபடக்கூடும்.

புதியவர்கள் படிக வகைகளிலிருந்து தொடங்கலாம். வெண்படிகம், செவ்வந்திக்கல், மஞ்சள் படிகம், புகைப்படிகம் என நான்கு நிறத்தில் நான்கு வாங்கி, நான்குக்கும் ஒப்படர்த்தி கண்டு பாருங்கள். எண் மாறாது. வியாழக்கிழமை மாலை செய்முறை வகுப்பு முடிந்தபின் நான் ஆய்வுக்கூடத்தில் இருப்பேன். உங்களிடம் பெயர் தெரியாத கல் இருந்தால் கொண்டுவாருங்கள். நூலும் முகவையும் தயாராக இருக்கும்.