நம்பிக்கைகளும் உண்மைகளும்: பிள்ளைக்கு மட்டும் தனிச் சமையல் எதற்கு?

2023 ஆகஸ்ட் 25 அன்று நாகப்பட்டினம் மாவட்டம் திருக்குவளையில், மு. கருணாநிதி படித்த பள்ளியில், முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் பிள்ளைகளோடு உட்கார்ந்து காலை உணவு சாப்பிட்டார். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய திட்டம், அன்றோடு 31,008 அரசுப் பள்ளிகளுக்கு விரிந்தது. 15 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் தட்டில் விழுவது உப்புமா, கிச்சடி, பொங்கல். கூடவே காய்கறி சாம்பார். ஒரு பிள்ளைக்கு 50 கிராம் அரிசியோ ரவையோ, சாம்பாருக்கு 15 கிராம் பருப்பு, அந்தந்த ஊரில் கிடைக்கிற காய்.

அதே உப்புமாவை ராத்திரி எட்டு மணிக்கு வீட்டில் கிண்டினால் என்ன நடக்கும் என்பது எல்லா அம்மாக்களுக்கும் தெரியும். "உப்புமாவா?" என்று ஒரு இழுவை; அப்புறம் நூடுல்ஸ் பாக்கெட்டைத் தேடி ஒரு ஓட்டம். பள்ளியில் இறங்குகிற உப்புமா வீட்டில் ஏன் இறங்குவதில்லை? பள்ளியில் பக்கத்துப் பையனும் அதையேதான் சாப்பிடுகிறான், மாற்றுத் தட்டு கிடையாது. காரணத்தில் பாதி அங்கே இருக்கிறது. மீதிப் பாதி, இரவுச் சாப்பாட்டைப் பற்றி நாமே சுமந்துகொண்டிருக்கும் சில நம்பிக்கைகளில்.

"சீக்கிரமா ஆகணும், பிள்ளையும் சாப்பிடணும்னா பாக்கெட்தான் வழி"

இரண்டு நிமிட நூடுல்ஸ் இந்தியக் கடைகளுக்கு வந்தது 1983-ல். தஞ்சாவூர் வீடுகளில் அரிசி உப்புமா அதற்கு வெகுகாலம் முன்பே அவசரச் சமையல்தான். பச்சரிசியோடு கொஞ்சம் துவரம்பருப்பு, மிளகு, சீரகம் சேர்த்து ரவையாக உடைத்து டப்பாவில் வைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. கடுகு, உளுத்தம்பருப்பு, கறிவேப்பிலை தாளித்து, ஒரு பங்கு ரவைக்கு இரண்டரைப் பங்கு தண்ணீர் கொதிக்கவிட்டு, தேங்காய்த் துருவலோடு ரவையைக் கொட்டி மூடினால் இருபது நிமிடத்தில் தயார். தொட்டுக்கொள்ளக் கத்தரிக்காய் கொத்சு இருந்தால் பெரியவர்களுக்குக் கொண்டாட்டம். அடியில் பொன்னிறமாகப் பிடித்த காந்தல் யாருக்கு என்று பிள்ளைகள் சண்டை போடுவார்கள். அதைச் சுரண்டித் தர மறக்கக் கூடாது.

புளித்த மோரில் அரிசி மாவைக் கரைத்துக் கிண்டும் மோர்க்களிக்கு இன்னும் குறைந்த நேரம் போதும். அவலை நனைத்துத் தாளித்தால் அடுப்பு வேலையே ஐந்து நிமிடம்தான். கும்பகோணத்துக் கடப்பா இருக்கிறது: பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் குக்கரில் குழைய, தேங்காய் அரைத்து ஊற்றினால் முடிந்தது. மிளகாய்த்தூள் வாசனையே இல்லாத இந்த வெள்ளைக் குழம்போடு இட்லியை வேண்டாம் என்கிற குழந்தை அபூர்வம்.

பிள்ளைகளின் நாக்கைச் சத்துணவுக் கூடமும் பிறகு புரிந்துகொண்டது. 1982-ல் எம்.ஜி.ஆர். விரிவுபடுத்திய பள்ளி மதிய உணவுத் திட்டத்தில் நெடுங்காலம் சோறும் சாம்பாரும்தான். 2013-ல் ஜெயலலிதா ஆட்சியில் கலவை சாதங்கள் சோதனையாக வந்தன: தக்காளி சாதம், கீரை சாதம், காய்கறி பிரியாணி, கொண்டைக்கடலை புலவு, கூடவே மிளகு முட்டை, மசாலா முட்டை. அரிசி அதே அரிசிதான்; மாறியது கலவை. வீட்டில் ராத்திரிக்கு வேண்டியதும் அவ்வளவுதான்.

"குக்கர் சோறு உடம்புக்கு ஆகாது, கஞ்சியை வடிச்சாதான் நல்லது"

இது காவிரி டெல்டா முழுக்க ஓடுகிற நம்பிக்கை. வடித்த சோறு உதிரியாக இருக்கும், ருசியும் தனி; அதை மறுப்பதற்கில்லை. ஆனால் கஞ்சியோடு வெளியேறுவது மாவுச்சத்து மட்டுமில்லை. தண்ணீரில் கரையும் பி வகை வைட்டமின்களும், முக்கியமாக தயாமினும், அதோடு போகின்றன. அளவாகத் தண்ணீர் வைத்துக் குக்கரில் ஏற்றினால் அவற்றில் பெரும்பகுதி சோற்றிலேயே தங்கிவிடும். வடித்தே தீர வேண்டும் என்கிறவர்கள் கஞ்சியில் உப்பும் மோரும் கலந்து குடித்துவிடலாம். நம் பாட்டிமார்கள் அதைத்தான் செய்தார்கள்.

இதன் ஒட்டுறவான நம்பிக்கை, குழந்தைக்குப் பச்சரிசிதான் லேசு என்பது. புழுங்கலரிசி விஷயத்தில் டெல்டாவுக்குத் தனி உரிமை உண்டு. இன்று தஞ்சாவூரில் இருக்கும் தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்தின் தொடக்கமே 1967-ல் திருவாரூரில் அமைந்த நெல் பதப்படுத்தும் ஆய்வு மையம்தான். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் உள்ள வைட்டமின்கள் அரிசிக்குள் இறங்குகின்றன. அதனால் மில்லில் எவ்வளவு தீட்டினாலும், அதே அளவு தீட்டிய பச்சரிசியைவிடப் புழுங்கலரிசியில் தயாமின் கூடுதலாக மிஞ்சும். நன்றாகக் குழைத்துப் பிசைந்து கொடுத்தால் சின்னக் குழந்தைக்கும் அது செரிக்கும்.

"ராத்திரி சோறு வேண்டாம், சப்பாத்தி கொடு"

ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 அட்டவணைப்படி, 100 கிராம் தீட்டிய அரிசியில் புரதம் சுமார் 8 கிராம், நார்ச்சத்து 3 கிராமுக்குக் கீழே. முழுக்கோதுமை மாவில் புரதம் பத்தரைக்கு மேல், நார்ச்சத்து 11. கோதுமை ஒரு படி மேலே நிற்பது உண்மைதான். ஆனால் வெறும் சோற்றை யார் சாப்பிடுகிறார்கள்? பருப்பு சேர்ந்ததும் கணக்கு மாறிவிடும். அரிசியில் குறைவாக உள்ள லைசின் பருப்பில் உண்டு. பருப்பில் குறைவாக உள்ள மெத்தியோனின் அரிசியில் உண்டு. இரண்டையும் ஒரே கல்லில் வார்த்ததுதான் அடை. இரண்டு மணி நேரம் ஊறினால் போதும், புளிக்கவைக்கத் தேவையில்லை. ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை போட்டு, வெல்லமும் வெண்ணெயும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவசரத்துக்குச் சப்பாத்தி மாவு பிசைந்து தேய்க்கிற நேரத்தில் ஒரு டஜன் அடை வார்த்துவிடலாம்.

"ராத்திரியில தயிர் சளி பிடிக்கும், கீரை செரிக்காது"

சளியைக் கொண்டுவருவது வைரஸ், தயிர் இல்லை. குளிர்பெட்டியிலிருந்து எடுத்த தயிர் தொண்டைக்குச் சங்கடமாக இருந்தால் கொஞ்ச நேரம் வெளியே வைத்துப் பிசையலாம். ஆரோக்கியமான குழந்தையின் குடல் பொழுது சாய்ந்ததும் கடையை அடைத்துவிடுவதில்லை, ஆகவே கீரைக்கும் தடையில்லை. அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் கீரையில் புழுப் பார்க்க முடியாத காலத்தின் எச்சரிக்கையாக இது இருக்கலாம் என்பது ஊகம்தான்.

கீரையை ஒதுக்குவதில் நட்டமும் உண்டு. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழகத்தில் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளில் சுமார் 57 சதவீதத்தினருக்கு ரத்தசோகை. கீரையின் இரும்புச்சத்தை உடம்பு எளிதில் எடுத்துக்கொள்ளாது; வைட்டமின் சி கூட இருந்தால் எடுத்துக்கொள்ளும். கீரை சாதத்தில் அடுப்பை அணைத்தபின் அரை மூடி எலுமிச்சை பிழிவது ருசிக்கு மட்டுமில்லை. சாப்பிட்ட கையோடு ஒரு டம்ளர் பால் கொடுக்கும் வழக்கத்தை மட்டும் கொஞ்சம் தள்ளிப்போடலாம். பாலின் கால்சியம் இரும்பைத் தடுக்கும்.

"மத்தியானச் சோறுதானே, சூடு பண்ணினா சரியாயிடும்"

இங்கே நம்பிக்கையைவிட உண்மை கண்டிப்பானது. அரிசியில் பேசிலஸ் சீரியஸ் என்ற நுண்ணுயிரியின் வித்துகள் இருக்கக்கூடும்; கொதிக்கிற உலையிலும் அவை சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாகப் பானையில் கிடக்கும்போது முளைத்துப் பெருகி நஞ்சு கக்கும். வாந்தியை உண்டாக்கும் அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. சித்திரை வெயிலில் மதியம் ஒரு மணிக்கு வடித்ததை இரவு எட்டு மணிக்குத் தாளித்துக் கொடுப்பது நல்லதல்ல.

ஆனால் மிச்சச் சோற்றில் கலவை சாதம் செய்வதே தவறு என்று இதைப் படிக்க வேண்டாம். தட்டில் பரப்பி ஆறவைத்து, ஒரு மணி, அதிகம் போனால் இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வைத்துவிட்டால் போதும். குளிர்ந்த சோறு பருக்கை பருக்கையாக நிற்பதால் எலுமிச்சை சாதத்துக்கும் தக்காளி சாதத்துக்கும் அதுதான் தோது. வேர்க்கடலை வறுத்துப் போட்டு, ஒரு அவித்த முட்டை வைத்தால் முழுச் சாப்பாடு. முட்டை சூடு என்று தயங்குகிறவர்களுக்கு ஒரு செய்தி: 2010 முதல் சத்துணவில் வாரம் ஐந்து நாளும் முட்டை உண்டு, கத்திரி வெயில் நெருங்கும் ஏப்ரலிலும் உண்டு.

"எங்க பிள்ளை அதைத் தொடவே தொடாது"

எல்லா நம்பிக்கைகளிலும் சமையலறையை அதிகம் களைப்படையச் செய்வது இதுதான். பெரியவர்களுக்கு ஒரு குழம்பு, பிள்ளைக்கு ஒரு தோசை, தம்பிக்கு வேறொன்று.

அமெரிக்க உளவியலாளர் லீன் பர்ச் 1982-ல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு வயதுக் குழந்தைகளுக்குப் புதிய உணவுகள் திரும்பத் திரும்பச் சுவைக்கத் தரப்பட்டன. அடிக்கடி சுவைத்தவற்றைத்தான் குழந்தைகள் பிறகு விரும்பி எடுத்தார்கள். ஒரு உணவு பிடித்துப்போக எட்டு முதல் பதினைந்து முறை ஆகலாம் என்கிறார்கள் பின்வந்த ஆய்வாளர்கள். நம் வீடுகளில் மூன்றாம் முறையே தீர்ப்பு எழுதிவிடுகிறோம். "கத்தரிக்காய் சாப்பிட்டா ஐஸ்கிரீம்" என்கிற பேரமும் பலிப்பதில்லை. கத்தரிக்காய் என்பது சகித்துக்கொள்ள வேண்டிய வேலை என்றுதான் பிள்ளைக்குப் புரிகிறது.

பிலடெல்ஃபியாவில் ஜூலி மென்னெல்லா குழுவினர் 2001-ல் கண்டது இன்னும் சுவாரசியமானது. கர்ப்ப காலத்திலோ பாலூட்டும்போதோ அம்மா கேரட் சாறு குடித்திருந்தால், கேரட் கலந்த முதல் உணவைக் குழந்தை முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொண்டதாம். பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டும் மிளகும் போட்டு ரசம் வைத்துக் கொடுக்கிற வீட்டில் பிறந்த குழந்தைக்கு ரசம் சாதம் பழகிய மணமாக இருப்பதில் ஆச்சரியமில்லை.

குழந்தை உணவு வல்லுநர் எலின் சாட்டர் சொல்லும் ஏற்பாடு எளிது: என்ன, எப்போது, எங்கே என்பதைப் பெரியவர்கள் முடிவு செய்யட்டும், சாப்பிடுவதா, எவ்வளவு என்பதைப் பிள்ளை முடிவு செய்யட்டும். ஒரே பாத்திரத்தில் வெந்த கீரை சாதம் நடுவில் இருக்கட்டும், பக்கத்தில் பிள்ளைக்குப் பழகிய தயிரோ அப்பளமோ ஒன்று. ஊட்டிவிட்டுத் துரத்த வேண்டாம்.

மிச்சம் இருப்பது காரம். பச்சை மிளகாயை அரைக்காமல், நீளமாகக் கீறி முழுசாகப் போட்டு, பரிமாறும் முன் எடுத்துவிடுங்கள். பெரியவர்களுக்கு ஊறுகாய் இருக்கிறது, மோர்மிளகாய் இருக்கிறது.