மறுபடியும் கீமோ: பக்கவிளைவுகளைச் சமாளிக்க ஏழு படிகள்

புற்றுநோய் திரும்பிவிட்டது, மறுபடி கீமோ கொடுக்கவேண்டும் என்று டாக்டர் சொன்னதும் பல வீடுகளில் எழும் பேச்சு, “போன தடவை பார்த்ததுதானே, பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்துரலாம்” என்பதுதான். சிகிச்சைக்குப் போக விராலிமலையிலிருந்து திருச்சி சுமார் 30 கிலோமீட்டர், புதுக்கோட்டை சுமார் 40. சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு என்றால் ஓர் இரவுப் பயணம். மருந்து ஏற்றுவது அங்கே. வாந்தி, வாய்ப்புண், காய்ச்சல் எல்லாம் வருவது இங்கே, வீட்டில். தூரத்தை நினைத்தே பலரும் பொறுத்துக்கொள்கிறார்கள். சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவார்களோ என்ற பயமும் சேர்ந்துகொள்கிறது.

உண்மை இதற்கு நேர்மாறு. நியூயார்க் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மையத்தில், நோய் பரவிய நிலையில் கீமோ எடுத்த 766 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. தங்கள் தொந்தரவுகளை இணையம் வழியாகத் தவறாமல் தெரிவித்துவந்தவர்களால், வழக்கமான முறையில் சிகிச்சை பெற்றவர்களைவிட அதிக காலம் கீமோவைத் தொடர முடிந்தது. 2017இல் வெளியான முடிவுப்படி அவர்களுடைய ஆயுளும் இடைநிலைக் கணக்கில் சுமார் 5 மாதம் கூடியிருந்தது. தொந்தரவை உடனே சொல்வதும் சிகிச்சையில் ஒரு பகுதி. கீழே வரும் படிகள் எல்லாம் அதற்கான ஏற்பாடுதான்.

1. பழைய ஃபைலைத் தேடி எடுப்பது

முதல் முறை கொடுத்த மருந்துகளின் பெயர், அளவு, எத்தனை சுற்று, அப்போது ஏற்பட்ட ஒவ்வாமை ஆகியவை புதிய டாக்டரின் மேசைக்குப் போகவேண்டும். டாக்ஸோரூபிசினுக்கு வாழ்நாள் மொத்த அளவு என்று ஓர் எல்லை உண்டு. அதைத் தாண்டினால் இதயம் பாதிக்கப்படும் ஆபத்து ஏறுகிறது. கார்போபிளாட்டினை முன்பு எடுத்தவர்களுக்கு இரண்டாம் முறை ஒவ்வாமை வரும் வாய்ப்பு அதிகம். மருந்து இறங்கும்போது உள்ளங்கை அரித்தாலோ, முகம் சிவந்தாலோ, மூச்சு முட்டினாலோ அந்த நிமிடமே செவிலியரைக் கூப்பிடவேண்டும். ஃபைல் தொலைந்திருந்தால், முதலில் சிகிச்சை பெற்ற மருத்துவமனையில் சிகிச்சைச் சுருக்கத்தைக் கேட்டு வாங்கலாம்.

2. ஒரு நோட்டு, ஒரு தெர்மாமீட்டர், இரண்டு எண்கள்

நோட்டில் நாள்தோறும் காய்ச்சல் அளவு, எத்தனை தடவை வாந்தி, வயிற்றுப்போக்கு, சாப்பிட்டது என்ன, கை கால் எப்படி இருக்கிறது என்று குறித்துவந்தால் போதும். பகலில் யாரை அழைப்பது, இரவு இரண்டு மணிக்கு யாரை அழைப்பது என்பதை முதல் சுற்றுக்கு முன்பே கேட்டு, அட்டையிலேயே எழுதிவைப்பது நல்லது.

3. காய்ச்சல் என்றால் காத்திருக்கக் கூடாது

பெரும்பாலான மருந்துகளில், கீமோ முடிந்து 7 முதல் 14 நாளுக்குள் வெள்ளை அணுக்கள் மிகவும் குறைகின்றன. ‘கவுன்ட் இறங்கிடுச்சு’ என்று வார்டில் சொல்வது இதைத்தான். அப்போது காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டாலே அவசரம். மருத்துவமனையைக் கேட்காமல் பாராசிட்டமால் போட்டால் காய்ச்சல் மறைந்துவிடும், தொற்று மறையாது. விடியட்டும் என்று இருக்காமல் உடனே அழைக்கவேண்டும். நடுக்கம், மூச்சுத்திணறல், மயக்கம் இருந்தால் 108.

இந்த நாட்களில் தைப்பூசக் கூட்டம், ஜல்லிக்கட்டு, ஆட்டுச் சந்தை ஆகியவற்றைத் தவிர்ப்பது பாதுகாப்பு. நலம் விசாரிக்க வருகிறவர்களுக்குச் சளி இருமல் இருந்தால் ஃபோனிலேயே பேசிக்கொள்ளலாம். பழைய சோறு வேண்டாம். அப்போது வடித்த கஞ்சி, சூடான இட்லி, நன்றாக வெந்த முட்டை, கொதித்து ஆறிய தண்ணீர் போதும்.

4. வாந்தியை வருமுன் தடுப்பது

வாந்தி மாத்திரையை வாந்தி வந்தபிறகு தேடுவதில் பயனில்லை. எழுதிக்கொடுத்த நேரத்தில் போடவேண்டும். போன முறை வாந்தி கடுமையாக இருந்திருந்தால் அதை முதல் நாளே சொன்னால் மருந்தை மாற்றித் தரமுடியும். ஓலன்சபைன் மாத்திரை பகலெல்லாம் தூக்கத்தில் ஆழ்த்துகிறது என்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: 10 மில்லிகிராமுக்குப் பதில் 2.5 மில்லிகிராமே போதுமானது, தூக்கக்கலக்கமும் குறைவு என்று மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் ஆய்வு 2024இல் வெளியானது. டாக்டரிடம் கேட்டுப் பார்க்கலாம்.

சாப்பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக, ஐந்தாறு வேளையாகப் பிரிப்பது உதவும். தாளிக்கும் வாசனை குமட்டினால் உணவை ஆறவைத்துக் கொடுக்கலாம். தண்ணீர்கூட உள்ளே தங்கவில்லை என்றால் வீட்டு வைத்தியம் போதாது, டிரிப் தேவைப்படும்.

5. வாயும் வயிறும்

ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் கால் டீஸ்பூன் சமையல் சோடா, அதில் பாதி உப்பு கலந்து, நாளுக்கு நாலைந்து தடவை வாய் கொப்புளிக்கவேண்டும். பல் துலக்க மென்மையான பிரஷ் நல்லது. 5-எஃப்யூ ஊசி ஏறும்போது ஐஸ் துண்டை வாயில் வைத்துக்கொண்டால் புண் குறையும். கூடவே ஆக்சாலிபிளாட்டின் கொடுத்தால் ஐஸ் கூடாது. அந்த மருந்து குளிர்ச்சி பட்டால் தொண்டையை இறுக்கும். எந்த மருந்து என்று கேட்டபின்பே ஐஸ்.

வயிற்றுப்போக்குக்கு ஓஆர்எஸ் கரைசல். கேப்சிடபின் மாத்திரை எடுப்பவர்கள் அடுத்த வேளை மாத்திரைக்கு முன்பே டாக்டரை அழைக்கவேண்டும். வாந்தி மாத்திரைகளால் மலச்சிக்கலும் வரும். எனிமா கொடுப்பது டாக்டர் சொல்லாமல் கூடாது.

6. மரத்துப்போகும் பாதம், விடாத களைப்பு

பாக்லிடாக்சல், ஆக்சாலிபிளாட்டின் போன்றவை நரம்பைத் தாக்கும். முதல் முறையின் மரமரப்பு மிச்சமிருந்தால் இம்முறை அதன்மேல் கூடும். சட்டை பட்டன் போட முடியவில்லை, செருப்பு நழுவுவது தெரியவில்லை என்பவை டாக்டருக்கு மிக முக்கியமான தகவல்கள். அளவைக் குறைத்தோ மருந்தை மாற்றியோ நிரந்தர சேதத்தைத் தவிர்க்க அவை உதவும். வயலில் வெறுங்காலோடு நடந்தால் முள் குத்தியதே தெரியாது. மலைக்கோயில் படியேற விரும்புகிறவர்கள் வெயில் ஏறிய கல்லைத் தவிர்த்து, விடியற்காலையில் போகவேண்டும்.

களைப்புக்கு முழுநாள் படுக்கை மருந்தல்ல. காலையும் மாலையும் முற்றத்தில் சிறிது நடந்தால் தேறும். ரத்தசோகையா என்றும் பார்க்கச் சொல்லலாம்.

7. மறைக்காமல் இருப்பது

பப்பாளி இலைச் சாறு, கஷாயம், சூரணம் என எதைக் குடித்தாலும் டாக்டருக்குத் தெரியவேண்டும்; சில மூலிகைகள் கீமோ மருந்தோடு மோதும். செலவையும் மறைக்கவேண்டாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு, கீமோவும் அதில் அடங்கும். சிகிச்சைக்காக ரயிலில் போகும் நோயாளிக்கு மருத்துவமனைச் சான்றிதழின் பேரில் ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் கட்டணமில்லை. துணைக்கு 75 சதவீதச் சலுகை.

வலியும் மனச்சோர்வும் மிஞ்சினால் வலி நிவாரணச் சிகிச்சையைக் கேட்கலாம். கீமோ நடக்கும்போதே அதையும் பெறலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இந்தச் சேவை வீட்டுக்கே வருகிறது. விராலிமலை அரசு மருத்துவமனையில் பெயரைப் பதிந்துகொள்ள, அடுத்த சுற்று வரை காத்திருக்கத் தேவையில்லை.