பாறையில் ஒரு இலை!

புதைபடிவம் என்றாலே நமக்கு டைனோசர் எலும்புதான் ஞாபகம் வரும். நான் சொல்லப்போவது அதைவிட ரொம்பப் பழையது. கண்டுபிடித்தவர்களோ நம்ம வயசுப் பிள்ளைகள்!

இங்கிலாந்தில் லெஸ்டர் நகருக்குப் பக்கத்தில் சார்ன்வுட் என்ற காடு இருக்கிறது. 1956-ல் அங்கே ஒரு பாறையில், பெரணி இலை மாதிரி ஒரு பதிவை டினா நீகஸ் என்ற 15 வயது மாணவி பார்த்தாள். புவியியல் ஆசிரியரிடம் சொன்னாள். அவ்வளவு பழைய பாறையில் புதைபடிவமே இருக்காது என்று அவர் சொல்லிவிட்டார். அப்போது பெரும்பாலான அறிஞர்களும் அப்படித்தான் நினைத்தார்கள்.

1957-ல் பாறை ஏறப் போன ரோஜர் மேசன் என்ற மாணவனும் அதையே பார்த்தான். காசு மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்ப்போமே, அதுபோல நகல் எடுத்தான். அவன் அப்பாவுக்குத் தெரிந்த நிலவியல் அறிஞர் டிரெவர் ஃபோர்டு, நேரில் போய்ப் பார்த்த பிறகுதான் நம்பினார். 1958-ல் 'சார்னியா மேசோனி' என்று பெயர் வைத்தார். காட்டின் பெயர் பாதி, மாணவன் பெயர் பாதி!

அதன் வயது சுமார் 56 கோடி ஆண்டுகள். பார்க்கத்தான் இலை, ஆனால் செடி இல்லை. ஏன்? அது வாழ்ந்தது வெயில் எட்டாத ஆழ்கடல் தரையில். வெயில் இல்லாமல் ஒளிச்சேர்க்கை ஏது? அதனால் அது ஒரு ஆதிகால விலங்கு என்று இப்போது கருதுகிறார்கள்.

மேசன் பின்னாளில் நிலவியல் பேராசிரியர் ஆனார். தனக்கு முன்பே டினா பார்த்ததை அவரே சொல்லியிருக்கிறார். எனக்கு ரொம்பப் பிடித்தது அதுதான்.

பாறை ஒன்றுதான். ஒருவர் பார்க்காமலே 'இருக்காது' என்றார்; இன்னொருவர் போய்ப் பார்த்தார். அறிவியல் இரண்டாமவர் பக்கம்தான்!

– 9-ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு