உருவெள்ளாமை

சண்டிலிப்பாயிலே கல்வளை என்னுந் தலத்தில் எழுந்தருளியிருக்கும் விநாயகப் பெருமானை, 18ஆம் நூற்றாண்டிலே நல்லூர்ச் சின்னத்தம்பிப் புலவர் கல்வளையந்தாதி பாடிப் பரவினார். விநாயகப் பெருமானுக்கு யானைமுகம், ஒடிந்த கொம்பு, பெருத்த வயிறு, குறுகிய தாள். அத்திருவுருவின் முன்னே நம் பிள்ளைகள் தலையிற் குட்டித் தோப்புக்கரணமிட்டு வணங்குகின்றார்கள். வணங்கி வெளிவந்த அப்பிள்ளைகளே, உடல் பருத்த தோழனைத் "தடியன்" என்றும், நிறங் கறுத்தவனைக் "கறுவல்" என்றும், கால் ஊனமுற்றவனை "நொண்டி" என்றும் அழைக்கின்றார்கள். சந்நிதியிற் கற்ற பாடம் வீதிக்கு வரவில்லை. அதனை அங்கே கொண்டுவருதல் சைவாசிரியர் கடனாம்.

இதற்குச் சைவநூற் கருத்து யாதென ஆராய்வாம். தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கையும், உயிர் மலம் நீங்கி உய்தற்பொருட்டு இறைவன் கொடுத்தருளினான் என்பது சித்தாந்தம். ஆகவே உடம்பு உயிருக்கு அளிக்கப்பட்ட கருவியாகும். கொடுத்தவனை வணங்கிக் கொடையை இகழ்தல் எவ்வாறு பொருந்தும்?

"ஊனம் முன்செய்த வினைப்பயனன்றோ?" எனச் சிலர் வினாவுவர். வினைக்கொள்கை ஒருவன் தன்னைத் தான் திருத்திக்கொள்ளுதற்கு உரியது. பிறனை அளக்குங் கோலன்று. ஓருயிரின் வினைக்கணக்கை முற்ற அறிபவன் இறைவன் ஒருவனே. ஊனமுற்ற பிள்ளையின் முன்னின்று அவ்வாறு கூறுபவர் சமயம் போதித்தவராகார். பிள்ளையின் நெஞ்சைப் புண்படுத்தித் தமக்கே புதுவினை ஈட்டினவராவர்.

12ஆம் நூற்றாண்டிலே சேக்கிழார் பெருமான் அருளிய பெரியபுராணத்தில் இதற்கேற்ற சரித்திரங்கள் உள்ளன. காரைக்காலம்மையாரின் பேயுருவைக் கண்டவர்கள் அஞ்சி ஓடினார்கள். இறைவன் தம்மை அறிவானாயின், அறியாதவர்களுக்குத் தாம் எவ்வுருவாய்த் தோன்றினாலென்ன என்று அம்மையார் எண்ணினார். அவ்வுருவையே கண்ட சிவபெருமான் "அம்மையே" என்று அழைத்தருளினார். உரு ஒன்றே, கண்டவர் வேறு. ஊரார் கண்டது என்பு. இறைவன் கண்டது அன்பு.

தண்டியடிகள் பிறவியிலேயே கண்ணில்லாதவர். திருவாரூர்த் திருக்குளத்தைப் பெருக்க விரும்பி, குளத்தினுள்ளும் கரையிலும் தறி நட்டுக் கயிறு கட்டி, அதனைத் தடவிச் சென்று மண் சுமந்தார். கண்ணிலாமையைச் சுட்டி அவரை எள்ளினாரும் உளர். அவர் பின்னர்க் கண்பெற்ற அற்புதத்தை மாத்திரம் சொல்லிப் பாடத்தை முடித்தல் ஆகாது. கண்பெறுதற்கு முன்னரே அவர் முழுத் தொண்டர் என்பதை மாணாக்கர் உணரவேண்டும்.

நம் நாட்டில் இப்பாடம் இன்று மிக வேண்டப்படுவதாகும். 1983 முதல் 2009 வரை நிகழ்ந்த போரிலே கை கால் இழந்தோர் பலர். ஊனங் காரணமாகக் கல்விநிலையத்திற் சேர்த்துக்கொள்ளாது விலக்குதலை 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் தடுக்கின்றது. சட்டம் பாடசாலை வாயிலைத் திறக்கும். வகுப்பறையின் ஏளனச் சிரிப்பை அடக்கவல்லவர் ஆசிரியரே.

ஆசிரியர் செய்யற்பாலன வருமாறு:

முதலாவது, எப்பிள்ளையையும் அதன் பெயராலன்றி உறுப்பாலும் நிறத்தாலும் அழையாதிருத்தல். ஆசிரியர் விளையாட்டாகச் சூட்டிய பட்டப்பெயர் ஊரிலே கிழப்பருவம் வரையும் நிலைத்துவிடும்.

இரண்டாவது, வாணிவிழா நாடகங்களிலே சிவந்த பிள்ளைக்குத் தேவிவேடமும் கறுத்த பிள்ளைக்கு அசுரவேடமும் கொடுக்கும் வழக்கத்தை ஒழித்தல். உமையம்மையாரே சியாமள நிறத்தினர் என்பதை மறக்கலாமா?

மூன்றாவது, பிள்ளைகளின் உயரத்தையும் நிறையையும் அளக்கும்போது அவற்றை வகுப்பறியக் கூவாதிருத்தல். நோய்க்குறி தோன்றின் பெற்றோருக்குத் தனியே அறிவித்தல் அன்பு; பலர் முன் நகைத்தல் கொடுமை.

நான்காவது, தன் உடம்பை வெறுத்து ஒதுங்கும் பிள்ளையை அருகழைத்து, "இது நீ கற்றற்கும் தொண்டு செய்தற்கும் இறைவன் தந்த உடம்பு, இதனைப் பேணுவாயாக" என்று தெளிவித்தல்.

திருநீறு எல்லா நெற்றிக்கும் ஒன்றே. அந்நெற்றி கறுப்போ சிவப்போ, அகன்றதோ குறுகியதோ என்று அது வினாவுவதில்லை. அதனை அணிந்த நாமும் வினாவாதிருப்போமாக.