மரநிழலில் வளரத்தக்க தரைப்பூண்டுகள்

வெயில் மிகுந்த நாட்டிற் பிறந்த நமக்கு நிழலின் அருமையை எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. நினிவே நகரத்தின் கிழக்கே அமர்ந்திருந்த யோனா தீர்க்கதரிசி, தம் தலைக்குமேல் ஓர் ஆமணக்கு நிழல்செய்யக் கண்டு பெரிதும் மகிழ்ந்தார் என்று வேதாகமம் கூறுகின்றது. ஆயினும், நிழலில் அமர்வோர் மேல்நோக்கி மரத்தைப் புகழ்கின்றனரேயன்றிக் கீழ்நோக்கி மண்ணை ஆராய்வார் மிகச் சிலர். மரத்தடி மண்ணின் நிலை யாது, அதனை எவ்வகைப் பூண்டுகளாற் போர்த்தல் தகும் என்னும் இரண்டையும் ஈண்டு ஆராய முற்படுகின்றோம். பொதுப்படப் பேசின் பயன் சிறிதாகுமாதலின், எட்டயபுரத்து நிலத்தை எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

நிலமும் மழையும்

தூத்துக்குடி மாவட்டத்தின் வடபகுதியில், கோவில்பட்டிக்கு அண்மையில் உள்ளது எட்டயபுரம். சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரும், இசைப்பேரறிஞர் முத்துசுவாமி தீட்சிதரும் அடங்கிய ஊர் அது. 1882ஆம் ஆண்டிற் பாரதியார் பிறந்த ஊரும் அதுவே. 1945இல் அடிக்கல் நாட்டப்பெற்று 1947இல் திறக்கப்பெற்ற பாரதி மணிமண்டபத்தைக் காணப் பலரும் அங்குச் செல்கின்றனர். சித்திரை வைகாசித் திங்களிற் செல்வோர் முதற்கண் நாடுவது ஒரு மரத்தின் நிழலையே ஆகும்.

அவ்வூரைச் சூழ்ந்த நிலம் கரிசல். கரிசலின் களிமண் நீரை உண்டு பருக்கும். நீர் வற்றுங்கால் சுருங்கி வெடிக்கும். கோடையில் அவ்வெடிப்புக்கள் கைபுகுமளவு அகன்று, ஆழ்ந்து செல்வதைக் காணலாம். வெடிப்பின் வழியே அடிமண்ணின் ஈரமும் ஆவியாகி ஒழிகின்றது. செடிகளின் நுண்வேர்களும் அறுபடுகின்றன. சுண்ணாம்புச் சத்து மிக்க மண்ணாதலின் அது காரத்தன்மையும் உடையது. கடற்கரையில் முத்துக்குளித்த ஊர்களின் மணற்பரப்பிற் செழித்துப் படரும் அடும்பங்கொடியைக் கொணர்ந்து இங்கே மரத்தடியில் இட்டால் அது பயன் தாராது; அது மணலுக்கும் வெயிலுக்கும் உரிய கொடி. ஒரே மாவட்டத்தின் ஒரு பகுதிக்குப் பொருந்தியது மற்றொன்றிற்குப் பொருந்தாமை காண்க.

இனி, மழையைக் கணக்கிடுவோம். இப்பகுதியில் ஓராண்டிற்குப் பெய்யும் மழை ஏறத்தாழ 650 மில்லிமீட்டர். அதிற் பெரும்பங்கு ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்றால் வருவது. ஒரு சதுர மீட்டர் நிலத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர் நீராகும். எனவே பத்து மீட்டர் நீளமும் பத்து மீட்டர் அகலமும் உள்ள ஓர் இடத்தில் ஆண்டு முழுவதும் விழும் மழை 65,000 லிட்டர். அவ்விடத்திற் புற்றரை அமைத்து வேனிலிற் பசுமை குன்றாது காக்க, சதுர மீட்டருக்கு நாள்தோறும் ஏறத்தாழ 5 லிட்டர் நீர் வேண்டும். மாசி முதல் ஆனி வரை 150 நாட்களுக்குக் கணக்கிடின் 75,000 லிட்டர் ஆகின்றது. நிழலில் இத்தொகை சிறிது குறையலாம். ஆனால் ஊற்றும் நீரில் மரமும் பங்கு கொள்ளுமாதலின் மிச்சம் பெரிதன்று. ஐந்து மாதப் புல்லின் தாகம் ஓராண்டு மழையையே விஞ்சுமாயின், அப்புற்றரை எந்நீரைக் கொண்டு வாழும்? ஆழ்துளைக் கிணற்று நீரைக் கொண்டேயாம். அந்நீரும் பல இடங்களில் உவர்ப்புடையது. கோடைதோறும் கீழே செல்வது. மரத்தடியிற் செடி தேர்தல் அழகுபற்றிய சிறு செய்தி போலத் தோன்றினும், ஊரார் குடிநீரோடு தொடர்புடைய செய்தியாதல் இதனால் விளங்கும்.

நிழலின் அளவு

நிழல் யாவும் ஒருதன்மைய அல்ல. அதனை அளக்க எளிய வழி ஒன்று உண்டு. நண்பகலில் ஒரு வெள்ளைத்தாளை மரத்தடியில் வைத்து, அதற்கு ஓரடி உயரத்திற் கையை நீட்டுக. விரல்களின் நிழல் தெளிவாக விழுமாயின் அவ்விடத்தில் ஒளி மிகுதி. கையின் உருவம் மங்கலாகத் தோன்றுமாயின் இடைநிழல். உருவமே தோன்றாதாயின் அடர்நிழல். இச்சோதனையைக் காலை, நண்பகல், மாலை என மும்முறை செய்து, நிலத்திற் குறியிட்டுக்கொண்ட பின்னரே செடியைப் பற்றி எண்ணுதல் வேண்டும்.

உடைமரமும் வேம்பும் ஒளியை ஓரளவு கசியவிடுவன. புங்கம் தழைத்த காலத்தில் நல்ல நிழல் தரும். மாசி பங்குனியில் இலையுதிர்த்து வெயிலை உள்ளே விடும். புளி ஏறத்தாழ ஆண்டு முழுவதும் நிழல்செய்வது. புளியமரத்தடியில் ஒன்றும் வளராது என்னும் உலகவழக்கு முற்றிலும் பொய்யன்று. அதன் இலைச்சாறு வேறு சில பயிர்களின் முளையைத் தடுப்பதை ஆய்வுக்கூடங்களிற் கண்டுள்ளனர். ஆதலின் புளியடியை வேம்படியோடு ஒப்ப எண்ணலாகாது.

எனினும், மரத்தடிச் செடி வாடுதற்கு ஒளிக்குறைவு ஒன்றே காரணம் என்று கருதுதல் பிழை. மரத்தின் உண்ணும் வேர்களிற் பெரும்பாலன மேல்மண்ணின் ஓரடி ஒன்றரையடி ஆழத்திலேயே பரவியுள்ளன. கிளைகளின் எல்லைக்கு அப்பாலும் செல்கின்றன. சிறுமழை பெய்யின் அதன் ஒரு பகுதியை இலைப்பரப்பே ஏந்தி ஆவியாக்கிவிடுகின்றது. எஞ்சியதை வேர்கள் உறிஞ்சுகின்றன. ஆகவே நம் நாட்டு மரநிழல் பெரும்பாலும் உலர்ந்த நிழல். குளிர்நாட்டார் நூல்களில் நிழலுக்குரியவையாகக் கூறப்படும் செடிகள் பல, ஈரநிழலுக்குரியவை. அப்பட்டியலை அப்படியே எடுத்துக்கொண்டு விதையும் நாற்றும் வாங்குவோர் ஏமாற்றமடைதற்குக் காரணம் இதுவே.

தேர்தற்குரிய பூண்டுகள்

உலர்ந்த நிழலில் வாழக் கற்ற செடிகளை எங்கே தேடுவது? நம் நாட்டுப் புதர்க்காடுகளின் அடித்தளத்திலே தேடவேண்டும். அங்கே நீரூற்றுவார் இல்லை, உரமிடுவாரும் இல்லை. ஆயினும் முட்புதர்களின் கீழே பசுமை இருக்கின்றது.

முதற்கண் கூறத்தக்கது மருள். கற்றாழைபோல் தடித்து நீண்டு, குறுக்கே வரிகள் பொருந்திய இலைகளையுடையது. மட்டத்தண்டால் மெல்லப் பரவி நிலத்தைப் பற்றிக்கொள்ளும். பல மாதம் நீரின்றியும் சாகாது. இதன் நாரை முற்காலத்தார் வில்நாண் திரிக்கப் பயன்படுத்தினர். புதரடியில் இயல்பாகவே வளர்வதாதலின் அடர்நிழலுக்கு இதனினும் ஏற்றது அரிது. நீர் தேங்கும் பள்ளம் ஒன்றே இதற்கு ஆகாதது. கரிசலில் நடுவோர் சிறிது மேடான இடம் பார்த்து நடுக.

அடுத்தது தவசிமுருங்கை. ஓரடி இரண்டடி உயரமே வளரும் சிறுசெடி; வேலியோரங்களிலும் புதரடிகளிலும் காண்பது. இதற்குத் தாவர நூலார் இட்ட பெயரில் தரங்கம்பாடியின் பெயர் அமைந்துள்ளது. லின்னேயஸின் மாணாக்கரான கேனிக் என்பார் 1768இல் தரங்கம்பாடி மிஷனுக்கு மருத்துவராக வந்து, அப்பகுதியின் செடிகளைத் தொகுத்து ஐரோப்பிய அறிஞர்க்கு அனுப்பினார். அவர்க்குப்பின் வந்த ராட்லர் ஐயர் ஒருபுறம் தமிழ் அகராதி தொகுத்தும், மறுபுறம் செடிகளை உலர்த்திச் சேர்த்தும் 1836இல் மறையும்வரை உழைத்தார். மிஷன் கல்லூரிகளிற் பயில்வோர் இவ்வரலாற்றை அறிதல் நன்று. அப்பெரியோர் கடல்கடந்து வந்து வியந்து நோக்கிய செடிகளை நாம் வேலியோரக் களையென்று பிடுங்கி எறிகின்றோம்.

மூன்றாவது கனகாம்பரம். மகளிர் சூடும் இம்மலர்ச்செடி தென்னிந்தியாவிற்கும் இலங்கைக்கும் உரியது. காட்டில் மரங்களின் கீழ் வளரும் இயல்பினது. மிக உயர்ந்து வளராத சிறுசெடி. இடைநிழலில் நட்டால் தரைக்குப் போர்வையும் வீட்டிற்குப் பூவும் கிடைக்கும். நட்ட முதலாண்டு மட்டும் கோடையில் வாரம் ஒருமுறை நீர் விடுதல் வேண்டும்.

ஒளி ஓரளவு விழும் இடத்திற்கு உரியது பொடுதலை. கணுத்தோறும் வேரூன்றித் தரையோடு தரையாய்ப் பாய்போல் விரியும். இலேசான மிதியையும் பொறுக்கும். காரமண்ணையும் உவர்நீரையும் தாங்கும் ஆற்றல் இதற்கு உண்டு. இதன் சிறுமலர்களை நாடி வண்ணத்துப்பூச்சிகள் வரும். கோடையில் நிறம் மங்கினும் மழைவரத் துளிர்க்கும். புற்றரையின் தோற்றத்தை விரும்புவோர்க்கு இதனையே பரிந்துரைப்போம், அருகம்புல்லைப் பரிந்துரையோம். அருகு வெயிலை விரும்பும் புல். நிழலில் நாளுக்கு நாள் இளைத்து ஒழியும்.

கொடிவேலியும் நிழலுக்கு ஏற்றதே. வெண்மலர் பூத்துச் சாய்ந்து படரும். ஆனால் அதன் வேர்ச்சாறு தோலிற் பட்டாற் கொப்புளம் உண்டாகும். ஆதலின் சிறுவர் விளையாடும் பள்ளி வளாகங்களில் அதனை நடவேண்டா. கற்பூரவல்லி தண்டு கிள்ளி நட்டாலே பிழைக்கும், இடைநிழலுக்கு நன்று. வல்லாரைக்கு இடையறாத ஈரம் வேண்டும். குழாயடியிலும் கைகழுவும் இடத்திலும் வழிந்தோடும் நீரைப் பயன்கொள்ள அதனை நடலாம், பிறவிடங்களில் ஆகாது.

நட்டு வளர்ப்பவற்றோடு, தாமே வருபவற்றையும் மதித்தல் வேண்டும். மழைபெய்த சின்னாளில் கானாவாழையும் கீழாநெல்லியும் மரத்தடியில் முளைக்கின்றன. கானாவாழை மண்ணுக்கு மேலே நீலமலர் பூப்பதோடு, மண்ணுக்குள்ளேயும் மூடிய மலர்களைத் தோற்றுவித்து விதை செய்துகொள்ளும் வியப்புடையது. நிலவேம்பை ஒருமுறை விதைத்தால் அடுத்த ஆண்டு தானே முளைக்கும். கசப்பு மிகுதியால் ஆடு பெரும்பாலும் அதில் வாய் வைப்பதில்லை. ஆடு தொடாமையாற் பெயர்பெற்ற ஆடாதோடையை ஓரங்களில் வரிசையாக நட்டுக் கத்தரித்து வந்தால், வேலி இல்லாத வளாகத்திற்கு அதுவே காவலாகும்.

விலக்கத்தக்கவை

விரைவிற் பரவும் செடியென்று விற்போர் புகழ்ந்துரைப்பதைக் கேட்டு மயங்குதல் கூடாது. மஞ்சட்பூப் பூக்கும் வெடீலியா என்னும் வெப்ப அமெரிக்கக் கொடி நிழலிலும் வெயிலிலும் தழைக்கும். நறுக்கிய துண்டெல்லாம் வேரூன்றும். நட்ட இடத்தோடு நில்லாமல் வாய்க்காலையும் வயலோரத்தையும் மூடும். உலகின் மிகக் கொடிய படர்களைகள் நூறனுள் ஒன்றாக அது எண்ணப்பட்டுள்ளது. அலங்காரச் செடியாக இந்நாட்டிற் புகுந்த உண்ணிச்செடி காடுகளை எவ்வாறு கவர்ந்துகொண்டது என்பதை யாவரும் அறிவர். விறகிற்கென 1877ஆம் ஆண்டிற் சென்னை மாகாணத்திற் புகுத்தப்பட்ட சீமைக்கருவேலை அகற்ற, 2017இல் உயர்நீதிமன்றமே ஆணையிட நேர்ந்தது. இராமநாதபுரம், தூத்துக்குடி மாவட்டத்தார்க்கு இதனை விரித்துரைத்தல் வேண்டா. ஒரு செடியை நடுமுன், அது வளருமா என்று மட்டும் கேட்டல் போதாது. வேண்டாதபோது அதனை நிறுத்த இயலுமா என்றும் கேட்டல் வேண்டும்.

நடும் முறை

நடுதற்குரிய காலம் புரட்டாசி இறுதியும் ஐப்பசி முதல் மழையும் ஆகும். அப்பொழுது நட்டால் மார்கழிக்குள் வேர் ஊன்றும். கோடையில் நட்டு நீரூற்றிக் காப்பது வீண்செலவு. மரத்தடி முழுவதையும் மண்வெட்டியாற் கொத்துதல் பெரும்பிழை. அது மரத்தின் வேரை வெட்டுவதாகும். களைக்கொத்தாற் சாணளவு சிறுகுழிகள் செய்து, வேர் தென்படின் விலகி, அங்கங்கே நடுக. புதுமண் கொட்டி அடிமரத்தை மூடுதலும் தீது. வேர்கள் மூச்சின்றி அழுகும். அடிமரத்தைச் சுற்றி இரண்டடி வெற்றிடம் விடுக. பொடுதலையை ஓரடிக்கு ஒன்றாகவும், மருளை ஒன்றரையடிக்கு ஒன்றாகவும் நட்டால் இரண்டு பருவத்தில் இடைவெளி மூடும்.

உதிர்ந்த சருகைப் பெருக்கிக் கொளுத்தும் வழக்கத்தை அறவே விடுதல் வேண்டும். மரம் மண்ணிலிருந்து எடுத்ததை மண்ணுக்கே திருப்பித் தருவது சருகு. புங்கந்தழையை வயலுக்கு உரமாக இடும் உழவர் நாட்டில், அதே தழையைப் பள்ளி வளாகத்திலே தீயிடுவது அறிவுடைமையன்று. நான்கு விரற்கடைத் தடிப்பிற் சருகு பரப்பிய கரிசல், வெடிப்பது குறைந்து ஈரத்தை நெடுநாள் காக்கும். செடி ஒன்றும் பிழையாத புளியடிக்குச் சருகே போதிய போர்வை. கோவில்பட்டியில் 1901ஆம் ஆண்டிலேயே ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பெற்றது. மானாவாரி வேளாண்மையின் முதற்பாடம், பெய்த மழையை விழுந்த இடத்திலேயே நிறுத்துக என்பது. வயலுக்குரிய அப்பாடம் மரத்தடிக்கும் உரியதே.

தரையை மூடினால் பாம்பும் தேளும் சேருமே என்பார் உளர். விரியன் வாழும் நாட்டில் இவ்வச்சம் நகைக்கத்தக்கதன்று. ஆதலின் நடைபாதையின் இருமருங்கும் மூன்றடி அகலம் வெறுமையாகப் பெருக்கி வைத்தல் வேண்டும். மக்கள் அமரும் இடத்தருகே பொடுதலை போன்ற குறும்பூண்டுகளையும், எவரும் கால்வையாத உட்பகுதியில் மருள் முதலியவற்றையும் நடுதல் வேண்டும். கல்லையும் உடைந்த ஓட்டையும் குவித்து வையாதிருத்தலும் இன்றியமையாதது.

மாணவர்க்கு ஒரு பயிற்சி

தாவரவியல் பயிலும் மாணவர் ஒரு வேம்பின் கீழ் ஒரு சதுர மீட்டர் அளவில் நான்கு பாத்திகள் குறிக்க. ஒன்றை வெறுமையாக விடுக. ஒன்றிற் சருகு மட்டும் பரப்புக. ஒன்றிற் பொடுதலையும் ஒன்றில் மருளும் நடுக. மார்கழி முதல் வைகாசி வரை மாதம் ஒருமுறை ஒவ்வொன்றிலும் அரையடி ஆழத்து மண்ணை எடுத்து நிறுத்து, உலர்த்தி, மீண்டும் நிறுத்து ஈரத்தைக் கணக்கிடுக. வெடிப்பின் அகலத்தையும் அளந்து எழுதுக. இக்கட்டுரையிற் கூறியவற்றுள் எவை தம் வளாகத்திற்குப் பொருந்துவன, எவை பொருந்தாதன என்பதை அக்குறிப்பேடே கூறும். எம் சொல்லினும் அக்குறிப்பேட்டினையே நம்புக.

பழைய மாணவர் பலர் இன்று கரிசற்சீமைப் பள்ளிகளிலும் ஆலய வளாகங்களிலும் பொறுப்பேற்றுள்ளனர். அவர்கள் கையில் ஒப்படைக்கப்பட்டுள்ள மரங்கள் முன்னோர் நட்டவை. புல்லுக்கு நீரூற்றி மரத்தின் வேரைக் கொத்தும் செலவை விடுத்து, மரத்தின் பங்கைப் பறியாத பூண்டுகளை அதன் காலடியில் நடுவார்களாயின், நிழலும் நிலைக்கும், நீரும் மிஞ்சும்.